பச்சைன்னு காட்டின நாள்ல தங்கின பிள்ளை: ஒரு கேஸ் முழுசா

"அக்கா, நீங்களே பாருங்க, பச்சைன்னுதானே போட்டிருக்கு"ன்னு சொல்லி போனை என் கையில குடுத்தா. பிள்ளை தங்காத நாளைப் பச்சையாக் காட்டுற ஆப் அது, அதுல அந்தத் தேதி பச்சையாத்தான் இருந்துச்சு. மடியில பிங்க் புக், அதாவது கர்ப்பிணிகளுக்குக் குடுக்கிற பதிவுப் புஸ்தகம், மூணாவது பிள்ளைக்காக க்ளினிக்ல அந்த வாரம்தான் போட்டுக் குடுத்தது. அவ அழல. அந்தப் பச்சைக் கட்டத்தையே விரலால தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் நர்சா இருந்து ரிட்டையர் ஆனவ. இயற்கை முறையில குடும்பக் கட்டுப்பாடு செய்ய நினைக்கிற ஜோடிங்களுக்கு வீட்டுல உட்கார வெச்சு சொல்லித் தர்றேன், காசு வாங்குறது இல்ல. இந்தக் கேஸை எழுதட்டுமான்னு அவகிட்டயும் அவ வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் எழுதுறேன், ஆள் அடையாளம் தெரியுற மாதிரி இருந்த விஷயங்களை மாத்திட்டேன். பேரு வேண்டாம், தங்கச்சின்னே வெச்சுக்குவோம்.

தங்கச்சிக்கு அப்போ 31 வயசு. மூத்தவ எட்டு வயசுப் பொண்ணு, அடுத்தவன் நாலு வயசுப் பையன். மாமியாரோட சேர்ந்து ஒரு சின்ன ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போறவ. இப்பல்லாம் நம்ம பொண்ணுங்க வெட்டுக்குப் போறது குறைஞ்சுபோச்சு, இவ போறா. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறார், வாரத்துல சனி ஞாயிறு மட்டும்தான் வீட்டுல தங்குவார். இந்த ரெண்டு ராத்திரி விஷயம் பின்னால ரொம்ப முக்கியமா வரும்.

ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா போடுற ஊசிதான் போட்டுக்கிட்டு இருந்தா. விட்டு விட்டு தீட்டுப் பட்டுக்கிட்டே இருந்துச்சு, உடம்பும் ஊதிப்போச்சு, தலைவலி வேற, அதனால நிறுத்திட்டா. ஊசியை நிறுத்தினாலும் பீரியட் ஒழுங்குக்கு வர பல மாசம் ஆகலாம், இவளுக்கும் ஆச்சு. அப்புறம் தோழி ஒருத்தி சொன்னான்னு போன்ல அந்த ஆப்பைப் போட்டிருக்கா. மருந்து இல்ல, ஊசி இல்ல, தேதியை மட்டும் போட்டா சிவப்பு நாள் பச்சை நாள்னு அதுவே பிரிச்சுக் காட்டும். ஒன்பது மாசம் பிரச்சினை இல்லாமத்தான் ஓடுச்சு. ஒன்பது மாசம் தப்பிச்சதும் இது நல்ல முறைதான்னு நம்பிட்டா, யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க.

என்ன நடந்துச்சுன்னு பார்க்க நான் முதல்ல ஆப்ல இருந்த தேதிகளை நோட்டுல இறக்கினேன். ஒரு பீரியட் ஆரம்பிச்ச முதல் நாள்லேர்ந்து அடுத்த பீரியட் வரைக்கும் எண்ணுறது ஒரு சுற்று. கர்ப்பம் தங்கினதுக்கு முன்னால இருந்த ஆறு சுற்று இப்படி: 28, 31, 27, 33, 29, 30 நாள். சராசரி போட்டா கிட்டத்தட்ட 30. அந்த ஆப் என்ன செஞ்சிருக்குன்னா, 30-லேர்ந்து 14-ஐக் கழிச்சு 16-ஆம் நாள் முட்டை வெளியாகும்னு எடுத்துக்கிட்டு, 11-லேர்ந்து 17 வரைக்கும் சிவப்பு, 18-லேர்ந்து பச்சைன்னு காட்டியிருக்கு. 18-ஆம் நாள் ஒரு சனிக்கிழமை. அவர் வீட்டுக்கு வந்த ராத்திரி.

14 நாள் கணக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ஜப்பான்ல ஒகினோங்கிற டாக்டர் 1924-லயும், ஆஸ்திரியாவுல க்னாவுஸ்ங்கிற டாக்டர் 1928-லயும் தனித்தனியா கண்டு சொன்னது. முட்டை வெளியாகுறது வரப்போற பீரியடுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரத்துக்கு முன்னாலன்னு சொன்னாங்க, அதாவது 12-லேர்ந்து 16 நாளுக்கு முன்னால. கவனிங்க, பின்னாலேர்ந்து முன்னால எண்ணுற கணக்கு இது. அடுத்த பீரியட் எப்போன்னு தெரிஞ்சாத்தான் முட்டை எப்போ வெளியாச்சுன்னு சொல்ல முடியும், ஆனா அந்தப் பீரியட் இன்னும் வரலையே! அப்போ ஆப் என்ன செய்யுது, போன மாசங்களை வெச்சு இந்த மாசத்தை ஊகிக்குது. ஒரே மாதிரி 28, 28, 28னு வர்றவங்களுக்கு அந்த ஊகம் ஓரளவுக்குச் சரியா வரலாம். 27-லயும் 33-லயும் வர்றவளுக்கு அது காத்துல கல்லெறியுற மாதிரி.

அந்த மாசம் மாமியாருக்குக் காலுல புண்ணு பெருசாகி ஈப்போவுல அட்மிட் ஆகியிருந்தாங்க. இவ வெட்டு முடிச்சு வந்து, சமைச்சு வெச்சுட்டு, பஸ் ஏறிப் போயி, ராத்திரி திரும்பி வர்றது, இப்படியே பத்து நாள். அலைச்சலும் தூக்கமில்லாமையும் மனக்கஷ்டமும் சேர்ந்தா முட்டை வெளியாகுறது தள்ளிப்போகலாம். தள்ளிப்போனா பீரியட் தேதியும் தள்ளிப்போகும், ஆனா ஆப்புக்கு மாமியார் ஆஸ்பத்திரியில இருக்கிறது எப்படித் தெரியும்? எட்டு வாரத்துல எடுத்த ஸ்கேன் இதுக்கு ஒரு சாட்சி. கடைசி பீரியட் தேதிப்படி அன்னைக்கு சரியா 8 வாரம் இருக்கணும், ஸ்கேன்ல 7 வாரம் 1 நாள் வளர்ச்சின்னு வந்துச்சு, ஆறு நாள் சின்னது. தேதிக் கணக்கு 14-ஆம் நாள் முட்டை வந்ததா வெச்சுக்கிட்டு எண்ணுறது. அதோட ஆறைக் கூட்டினா ஏறக்குறைய 20-ஆம் நாள். ஸ்கேன்லயும் சில நாள் முன்ன பின்ன இருக்கும்தான், ஆனா மத்த விஷயமும் அதோட ஒத்துப்போச்சு. ஆணோட அணு நல்ல ஈரப்பசை இருந்தா உள்ள அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட காத்திருக்கும், முட்டைதான் 12-லேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள செத்துடும். 18-ஆம் நாள் சேர்ந்தது 20-ஆம் நாள் முட்டையைப் பிடிக்க தாராளமாப் போதும்.

இதுல எனக்கு வயித்தெரிச்சலே என்னன்னா, நம்ம அம்மா காலத்துப் பழைய காலண்டர் கணக்கைப் போட்டிருந்தாக் கூட இந்த நாள் தப்பியிருக்காது. அந்தக் கணக்குல குறைஞ்சது ஆறு மாசத்துச் சுற்றை எடுத்து, ரொம்பச் சின்னதுலேர்ந்து 18-ஐயும் ரொம்பப் பெருசுலேர்ந்து 11-ஐயும் கழிக்கணும். 27-ல 18 போனா 9, 33-ல 11 போனா 22. ஒன்பதாம் நாள்லேர்ந்து இருபத்திரெண்டாம் நாள் வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும். நீளமான காத்திருப்புதான், ஆனா நேர்மையான கணக்கு. 26-லேர்ந்து 32 நாளுக்குள்ள சுற்று வர்றவங்களுக்குன்னு ஒரு பாசிமணி மாலை முறை இருக்கு, அதுலயும் 8-லேர்ந்து 19 வரைக்கும் சேரக் கூடாதுன்னுதான் சொல்றாங்க. 18-ஆம் நாளைப் பச்சைன்னு சொன்னது அந்த ஆப் ஒண்ணுதான்.

அப்போதான் நான் இன்னொண்ணு கேட்டேன். "அந்த வாரம் கீழ ஏதாச்சும் வித்தியாசமா இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் யோசிச்சா. "வெள்ளைப்படுதல் இருந்துச்சுக்கா, ரொம்ப. அத்தை ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு உடம்பு சூடாயிடுச்சுன்னு நெனச்சேன். பார்லித் தண்ணி காய்ச்சிக் குடிச்சேன், மோர்ல வெந்தயம் போட்டுக் குடிச்சேன், ரெண்டு மூணு நாள்ல நின்னுபோச்சு."

இந்த ஒரு பதில்லதான் மொத்தக் கேஸும் இருக்கு. நம்ம வீடுகள்ல கீழ ஈரமா எது பட்டாலும் அதுக்கு ஒரே பேரு, வெள்ளைப்படுதல். ஒரே காரணம், உடம்பு சூடு. சில பெரியவங்க அதுல எலும்பே உருகிப் போகுதுன்னு கூடப் பயமுறுத்துவாங்க. ஆனா மாசாமாசம் முட்டை வெளியாகுறதுக்கு முன்னால ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் ஏறும்போது கர்ப்பப்பை வாயிலேர்ந்து ஒரு வழவழப்பு வரும், அது நோய் இல்ல, இதோ பிள்ளை தங்குற நாள் வந்துடுச்சுன்னு உடம்பு குடுக்கிற சேதி. நோயா இருந்தா அரிப்பு இருக்கும், வாடை இருக்கும், மஞ்சளாவோ பச்சையாவோ தயிர் திரிஞ்ச மாதிரியோ இருக்கும், அதுக்கு க்ளினிக் போகணும். இவளுக்கு அது எதுவுமே இல்ல. ஒன்பது மாசமா ஒவ்வொரு மாசமும் உடம்பு சேதி சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, இவ அதைப் பார்லித் தண்ணி குடிச்சுக் குளிர வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. பார்லித் தண்ணியால அது நிக்கல, முட்டை வெளியானதும் ப்ரோஜெஸ்டரோன்ங்கிற இன்னொரு ஹார்மோன் ஏறி அதுவா காஞ்சுபோச்சு, அவ்வளவுதான்.

மூணாவது பிள்ளை நல்லபடியாப் பிறந்தான். இப்போ அந்த வீட்டுல எல்லாருக்கும் செல்லம். பிறந்ததுக்கு அப்புறம் க்ளினிக்ல கர்ப்பப்பைக்குள்ள வெக்கிற காப்பர் டி போட்டுக்கச் சொன்னாங்க, நல்ல ஆலோசனைதான், நானும் அதையே முதல்ல சொன்னேன். உள்ள எதையும் வெச்சுக்க மாட்டேன், ஊசியும் வேண்டாம்னு பிடிவாதமா இருந்தா. சரி, அப்போ முறையாக் கத்துக்க, ஆனா உன் வீட்டுக்காரரும் வந்து உட்காரணும், இல்லேன்னா நான் சொல்லித் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். இதுல நான் யாருக்கும் சலுகை குடுக்கிறது இல்ல.

முதல் நாள் அவர் வந்தார், ஆனா வாசல்ல லோரிச் சாவியை ஆட்டிக்கிட்டு நின்னார். "நீங்க பொம்பளைங்க பேசுங்கக்கா"ன்னார். "பிள்ளை பொம்பளைங்க மட்டுமா பெத்துக்கிறோம், உள்ள வாங்க தம்பி"ன்னு கூப்பிட்டு உட்கார வெச்சேன். கோப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் தலையே தூக்கல. நான் வெண்டைக்காய் நாலு எடுத்து நறுக்க ஆரம்பிச்சதும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

வெண்டைக்காய் எதுக்குன்னா, புஸ்தகத்துல எல்லாம் முட்டை வெள்ளைக்கரு மாதிரின்னு போட்டிருக்கும், அது சரிதான், ஆனா நம்ம பொண்ணுங்க கைக்கு நல்லாப் பழகினது வெண்டைக்காய்ப் பிசுக்கு. நறுக்கின துண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு மெதுவாப் பிரிச்சுக் காட்டினேன், நூலு மாதிரி நீண்டு கண்ணாடி மாதிரித் தெளிவா நின்னுச்சு. "இப்படி இருந்தா, இல்ல நடக்கும்போது எண்ணெய் தடவின மாதிரி வழுக்கலா உணர்ந்தா, அது பிள்ளை தங்குற நாள். கோந்து மாதிரிக் கெட்டியா, நீட்டினா அறுந்துபோறதா இருந்தா அது ஆரம்பம், அன்னைலேர்ந்தே ஜாக்கிரதை. வழுக்கல் கடைசியா இருந்த நாளை உச்ச நாள்னு குறிச்சுக்க, அது கடந்து மூணு நாள் எண்ணணும்." உச்ச நாள் எதுன்னு அன்னைக்கே தெரியாது, மறுநாள் காஞ்சதுக்கு அப்புறம்தான் நேத்து உச்சம்னு சொல்ல முடியும், இதுலதான் நிறையப் பேர் குழம்புவாங்க.

இது 1950கள்ல மெல்போர்ன்ல டாக்டர் ஜான் பில்லிங்ஸ் ஆரம்பிச்சு, அவர் மனைவி டாக்டர் ஈவ்லினும் சேர்ந்து வளர்த்த முறை. படிச்சவங்களுக்குத்தான் இது ஒத்துவரும்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. உலக சுகாதார நிறுவனம் அஞ்சு ஊர்ல ஒரு ஆய்வு செஞ்சு 1981-ல வெளியிட்டாங்க, அதுல நம்ம பெங்களூரும் ஒண்ணு, மணிலாவும் ஒண்ணு. முதல் சுற்றுலயே 100-க்கு 93 பொண்ணுங்க தங்களோட ஈரப்பசையைப் பார்த்துச் சரியாக் குறிச்சிருந்தாங்க. ஆனா அதே ஆய்வுல, புரிஞ்சுக்கிட்டும் அந்த நாள்ல சேர்ந்து உண்டானவங்க நிறைய. தெரியாததால இல்ல, பொறுக்க முடியாததால. இவரை நான் உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சது அதுக்காகத்தான்.

தாய்ப்பால் குடுக்கும்போது பிள்ளை தங்காதுங்கிறாங்களேன்னு மாமியார் உள்ளேர்ந்து கேட்டாங்க. தங்காதுதான், ஆனா மூணும் சேர்ந்து இருக்கணும்: பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகியிருக்கக் கூடாது, பீரியட் திரும்ப வந்திருக்கக் கூடாது, பகலும் ராத்திரியும் தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும். மூணும் இருந்தா அந்த ஆறு மாசத்துல 98 சதவீதம் பாதுகாப்பு. தங்கச்சி நாலாவது மாசம் வெட்டுக்குப் போக ஆரம்பிச்சுட்டா, அஞ்சரைலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பிள்ளைக்கு மாமியார் பால்மாவு கரைச்சுக் குடுத்தாங்க. அன்னைக்கே அந்தக் கணக்கு முடிஞ்சுது. அதுலேர்ந்து ஆணுறைன்னு சொல்லிட்டேன். பீரியட் வர்றதுக்கு முன்னாலயே முட்டை வெளியாகலாம், பீரியட்டே பார்க்காம மறுபடி உண்டானவங்களை என் கண்ணால பார்த்திருக்கேன்.

எட்டாவது மாசம் பீரியட் வந்துச்சு, நோட்டு ஆரம்பிச்சோம். முதல் சுற்று முழுக்கச் சேரவே வேண்டாம்னு சொன்னேன், விந்தோட ஈரம் கலந்தா எது எதுன்னு தெரியாது, புதுசாக் கத்துக்கிறவளுக்கு அது பெரிய குழப்பம்.

ஈரப்பசையோட உடம்புச் சூட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன், இவளுக்கு ஒண்ணை மட்டும் நம்ப மனசு வரல, எனக்கும் வரல. முட்டை வெளியானதும் சூடு 0.2-லேர்ந்து 0.5 டிகிரி வரைக்கும் ஏறி அடுத்த பீரியட் வரைக்கும் அங்கேயே நிக்கும். அதைப் பார்க்கச் சாதாரண ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் போதாது, புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண் காட்டுறது வேணும், ஃபார்மசியில கிடைக்கும். காலையில முழிச்ச உடனே, எந்திரிக்கிறதுக்கு முன்னால, பேசாம, தண்ணி குடிக்காம, தினமும் ஒரே நேரத்துல, குறைஞ்சது மூணு மணி நேரமாவது தூங்கினதுக்கு அப்புறம் பார்க்கணும்.

தினமும் ஒரே நேரத்துலன்னு சொன்னதும் டவுன் பொண்ணுங்க எல்லாம் முகத்தைச் சுளிப்பாங்க. இவ சுளிக்கல. பால் வெட்டுறவளுக்கு அலாரம் நாலே முக்காலுக்கு, ஞாயிறு திங்கள்னு கிடையாது, வெயில் ஏறுறதுக்கு முன்னால வெட்டினாத்தான் பால் நல்லா ஓடும். இத்தனை வருஷமா உடம்பைக் கொல்லுதுன்னு அவ திட்டின அந்த நாலே முக்கால்தான் அவளோட சார்ட்டை எனக்குத் தெரிஞ்ச எல்லாச் சார்ட்டையும் விடச் சுத்தமா வெச்சுது.

மழை நாளைத் தவிர. ராத்திரி மழை பேய்ஞ்சா மரப்பட்டை நனைஞ்சிருக்கும், பால் பிடிக்கிற மங்குல தண்ணி விழும், வெட்டு இல்ல. அன்னைக்கு ஏழு ஏழரை வரைக்கும் தூங்குவா, தாமதமா எழுந்தாலே சூடு கொஞ்சம் கூடக் காட்டும். அந்த நாளுக்கு நேரா "மழை"ன்னு எழுதி வட்டம் போடச் சொன்னேன், அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது.

மூணாவது சுற்றோட பக்கம் இப்போ என் முன்னால இருக்கு. 11, 12, 13-ஆம் நாள்: 36.35, 36.40, 36.30. 14-ஆம் நாள் 36.65, பக்கத்துல மழை, வட்டம். 15, 16, 17: 36.40, 36.35, 36.40. 17-க்கு நேரா அவ கையெழுத்துல "வெண்டக்கா நூலு", 18-க்கு நேரா "காஞ்சிருக்கு". 18, 19, 20-ல சூடு 36.60, 36.65, 36.70. விதி என்னன்னா, முந்தின ஆறு குறைஞ்ச சூட்டுக்கு மேல மூணு நாள் தொடர்ந்து இருக்கணும், மூணாவது நாள் குறைஞ்சது 0.2 கூட இருக்கணும். ஆறுல பெருசு 36.40, மூணாவது நாள் 36.70. ஈரப்பசைக் கணக்குலயும் உச்சம் 17, மூணு நாள் 18, 19, 20. ரெண்டு கணக்கும் 20-ஆம் நாள் சாயங்காலம் ஒண்ணா முடிஞ்சுது. அந்த மழை நாளை வட்டம் போடாம விட்டிருந்தா, 14-லயே ஏறிடுச்சுன்னு நெனச்சு அடுத்தடுத்த நாள்ல குழம்பியிருப்பா.

ஏழாவது சுற்றுல ஒரு சோதனை வந்துச்சு. பையன் ஸ்கூல்லேர்ந்து ஜுரம் கொண்டாந்து வீடு முழுக்கப் படுத்தாச்சு, இவளுக்கும் நாலு நாள் 37-க்கு மேல. மூணு நாள் உயர்ந்து நிக்குது, வெறும் சூட்டை மட்டும் பார்த்தா முடிஞ்சுதுன்னு தோணும், அன்னைக்கு வெள்ளிக்கிழமை, மறுநாள் அவர் வருவார். ராத்திரி எனக்கு போன் பண்ணி, "அக்கா சூடு ஏறியிருக்கு, ஆனா இன்னும் நூலே வரல, எனக்குப் பயமா இருக்கு"ன்னா. எதுக்கு பயம், நீதான் சரியாப் படிச்சிருக்கேன்னு சொன்னேன். ஜுரம் விட்டு அஞ்சு நாள் கழிச்சுத்தான் வழுக்கலே வந்துச்சு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்றது இதுக்குத்தான். ஜெர்மனியில 900 பொண்ணுங்களை வெச்சு நடத்தி 2007-ல வெளியான ஆய்வுல, இப்படி ரெண்டையும் சேர்த்துப் பார்த்தவங்கள்ல 13 சுற்றுல 100-க்கு 1.8 பேர்தான் எதிர்பாராம உண்டானாங்க, அந்த நாள்ல பாதுகாப்பில்லாம சேராதவங்கள்ல 0.6. ஆனா அவங்க நல்லாக் கத்துக்கிட்டவங்க. இயற்கை முறைன்னு பொதுவாச் சொல்லிக்கிட்டு ஆளுக்கு ஒரு மாதிரி செய்றதை எல்லாம் சேர்த்தா, வருஷத்துக்கு 100 பேர்ல 2-லேர்ந்து 23 பேர் வரைக்கும் உண்டாகுறாங்க, முறைக்கு முறை அவ்வளவு வித்தியாசம்.

இவங்க ரெண்டு பேரும் எடுத்த முடிவு கடுமையானது. பீரியட் முடிஞ்ச முதல் வார நாட்களையும் நம்ப மாட்டோம், முட்டை வெளியாகிடுச்சுன்னு ரெண்டு கணக்கும் சொன்னதுக்கு அப்புறம் மட்டும்தான்னு. வாரத்துக்கு ரெண்டு ராத்திரி வீட்டுல இருக்கிற மனுஷனுக்கு அது மாசத்துல ஒரு சனி ஞாயிறு, தப்பினா ரெண்டு. நாலாவது மாசம் சண்டை வந்துச்சு, எனக்கும் திட்டு விழுந்துச்சு. அப்புறம் அவர் என்ன செஞ்சார்னா, வீட்டுல இருக்கிற ரெண்டு நாளும் நாலே முக்காலுக்கு அவரே எழுந்து தெர்மாமீட்டரை எடுத்துக் குடுத்து, எண்ணைப் பார்த்து அவர் கையாலயே நோட்டுல எழுத ஆரம்பிச்சார். நோட்டுல ரெண்டு கையெழுத்து இருக்கு, இவளோடது உருண்டை, அவரோடது சாய்ஞ்சு கிறுக்கலா. அதுக்கு அப்புறம் திட்டு வரல.

எல்லாருக்கும் நான் இதைச் சொல்லித் தர மாட்டேன். இன்னொரு பிள்ளை தங்கினா தாயோட உயிருக்கே ஆபத்துங்கிற நிலைமையில இருக்கிறவங்க, இதயக் கோளாறு இருக்கிறவங்க, டாக்டர் சொல்ற உறுதியான முறைக்குத்தான் போகணும். குடிச்சுட்டு வந்து பொண்டாட்டி பேச்சைக் கேக்காத புருஷன் இருக்கிற வீட்டுல இந்த நோட்டு ஒரு வேலைக்கும் ஆகாது, அவளுக்கு அவ கையில இருக்கிற முறைதான் வேணும். நீர்க்கட்டி இருந்து பீரியட் ரெண்டு மாசம் மூணு மாசம்னு தள்ளிப்போறவங்களுக்குக் காத்திருப்பு ரொம்ப நீளும். நோய்த்தொற்றுலேர்ந்தும் இது காப்பாத்தாது.

இன்னையோட 14 சுற்று ஆகியிருக்கு, பிள்ளை தங்கல. இப்போ அவருக்கு ஈப்போவுல வேலை மாறுது, தினமும் வீட்டுக்கு வந்துடுவார், ஆனா மாசத்துல ஒரு வாரம் நைட் ஷிஃப்டாம். தினமும் வீட்டுல இருந்தா காத்திருக்கிறது சுலபம் ஆகாது, கஷ்டம்தான் ஆகும், அதை ரெண்டு பேருக்கும் உடைச்சுச் சொல்லணும். காப்பர் டி பத்தியும் இப்போ அவளே கேட்டா, க்ளினிக்ல போயி எல்லாத்தையும் கேட்டுட்டு வான்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றாங்க. அவளோட அண்ணியும் கூட வர்றாங்களாம், அவங்களும் ரொம்ப நாளா வெள்ளைப்படுதலுக்குப் பார்லித் தண்ணிதான் குடிச்சுக்கிட்டு இருக்காங்களாம். பசார்ல பிஞ்சு வெண்டைக்காயாப் பார்த்து வாங்கி வெக்கணும்.